நிச்சய மோதிரம்: கல்லும் பிடியும்

நேயர்களுக்கு வணக்கம்.

நிச்சயதார்த்த மோதிரம் எடுக்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, கல் எத்தனை சென்ட் எடை என்றுதான். அந்தக் கல்லை எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. வைரம் தேய்ந்து போவதில்லை, கழன்று விழுந்து தொலைகிறது. அதனால் இன்றைக்குப் பேச்சு பெரும்பாலும் பிடியைப் பற்றித்தான்.

நம் பக்கம் நிச்சயம் என்றால் தட்டு மாற்றுவது, தாம்பூலம் மாற்றுவது, பத்திரிகை வாசிப்பது. மோதிரம் மாற்றுவது பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. ரோமாபுரியில் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே நிச்சயமான பெண்ணுக்கு மோதிரம் அனுப்பினார்கள். அது வெறும் இரும்பு வளையம், கல் கிடையாது. பிறகு ஐரோப்பாவில் இரண்டு கைகள் ஒன்றையொன்று பற்றியிருக்கிற மோதிரங்கள் வந்தன. அதில் கிம்மல் என்று ஒரு வகை: ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரண்டு வளையங்கள். நிச்சயத்தன்று பிரித்து ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொள்வார்கள், கல்யாணத்தன்று இரண்டும் சேர்ந்து பெண்ணின் விரலுக்கு வரும். அயர்லாந்தில் கால்வே பக்கத்து மீனவர் ஊரான கிளாடாவின் மோதிரத்தில், இரண்டு கைகள் கிரீடம் வைத்த ஓர் இதயத்தை ஏந்தியிருக்கும். இடது கையில் இதயத்தின் கூர்முனை விரல் நுனியைப் பார்த்தால் நிச்சயமானவர். மணிக்கட்டைப் பார்த்தால் மணமானவர். பாருங்கள், இந்த மோதிரங்களில் எல்லாம் சேதி பிடியில்தான் இருக்கிறது.

வைரம் எப்போது வந்தது? 1477-இல் ஆஸ்திரியாவின் மாக்சிமிலியன் பர்கண்டி இளவரசி மேரிக்கு வைர மோதிரம் கொடுத்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அந்தக் காலத்து வைரம் ஏறத்தாழ முழுக்க இந்தியாவிலிருந்து போனது. அப்போது பட்டை தீட்டும் வித்தை வளரவில்லை. அடியோடு அடி ஒட்டிய இரண்டு பிரமிடு மாதிரி மண்ணிலிருந்து கிடைக்கிற வடிவத்தையே லேசாகத் தீட்டி, சுற்றிலும் தங்கம் கட்டி மூடிவிடுவார்கள். நம் ஊர் க்ளோஸ் செட்டிங் தோடும் மூக்குத்தியும் அதே குணம்தான்: அடியில் தகடு, சுற்றிலும் தங்கம். கல் அசையாது. ஆனால் உள்ளே ஈரம் புகுந்தால் தகடு கறுத்துக் கல் மங்கிவிடும். கல்யாணத்தில் குடத்துத் தண்ணீரில் மோதிரம் தேடி எடுக்கிற விளையாட்டு உண்டல்லவா? அதற்குக் கல் வைத்த மோதிரத்தைப் போடாதீர்கள், வெறும் தங்க மோதிரமே போதும்.

1870-களில் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லியில் வைரம் ஏராளமாகக் கிடைத்தது. 1886-இல் நியூயார்க்கின் டிஃபனி கடை, கல்லைத் தங்கத்துக்குள் புதைக்காமல் ஆறு கால்கள் மேல் தூக்கி நிறுத்தியது. இன்று சாலிட்டேர் என்று நாம் வாங்குகிற ஒற்றைக்கல் மோதிரம் பெரும்பாலும் அதன் வழிவந்ததுதான். கல் தூக்கி நின்றால் வெளிச்சம் நாலா பக்கமும் புகுந்து கண்ணுக்குத் திரும்புகிறது, அழகுதான். ஆனால் முழுப் பாரமும் அந்தக் கால்கள் மேல். ப்ராங் என்பார்கள். ஒவ்வொரு காலிலும் சின்ன வெட்டு ஒன்று போட்டு, கல்லின் விளிம்பை அதில் உட்கார வைத்து, நுனியை நகம் மாதிரி மேலே மடித்திருப்பார்கள். நாலு கால் மோதிரத்தில் ஒன்று விட்டாலே கல் ஆட ஆரம்பிக்கும். ஆறு கால் என்றால் ஒன்று போனாலும் மற்ற ஐந்து தாங்கும்.

இங்கேதான் நம் வீடுகளில் ஒரு பிடிவாதம். வைர மோதிரமும் 22 காரட்டில்தான் வேண்டும் என்பார்கள், 18 காரட் என்றால் மட்டம் என்று நினைப்பார்கள். 22 காரட்டில் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். அது மெத்தென்று இருக்கும். மெல்லிய கால், பேருந்துக் கம்பியில் நாலு தடவை இடித்தாலே வளையும். 18 காரட்டில் தங்கம் 75 பங்கு, மீதி செம்பு, வெள்ளி போன்றவை. அந்தக் கலப்புதான் காலுக்கு உறுதி. விற்கும்போது தங்கத்தின் விலை குறையும், உண்மை. கல் விழுந்தால் போகிற விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 22 காரட்தான் வேண்டும் என்றால் கல்லைச் சுற்றி முழு விளிம்பு கட்டச் சொல்லுங்கள், பெசல் என்று கேட்டால் காட்டுவார்கள். மாவு பிசைகிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள், கையுறை போடுகிற செவிலியர்கள் எல்லோருக்கும் அதுவே நல்லது. சதுரக் கல் என்றால் நாலு மூலையையும் மூடுகிற கால் இருக்கிறதா என்று பாருங்கள். வைரத்தில் கீறல் விழாது, ஆனால் மூலையில் அடிபட்டால் சில்லு பெயரும்.

பிடி தளர்ந்ததை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். மோதிரத்தைக் காதருகே வைத்து விரலால் லேசாகத் தட்டுங்கள். கடகட என்று மெல்லிய சத்தம் வந்தால் கல் ஆடுகிறது. ஒரு பழைய பட்டுத்துணியின் மேல் மெதுவாக இழுங்கள். நூல் மாட்டினால் ஏதோ ஒரு கால் தூக்கியிருக்கிறது. அன்றே கழற்றி வைத்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கால்களைச் சரிபார்த்துவிடுவது நல்லது.

மங்கல் வேறு விஷயம். வைரத்தில் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் ஒட்டும். கிம்பர்லியில் கொழுப்பு தடவிய மேசை மேல் சரளையைத் தண்ணீரோடு ஓடவிட்டே வைரத்தைப் பிரித்தார்கள். கல்லெல்லாம் ஓடிவிடும், வைரம் மட்டும் ஒட்டிக்கொள்ளும். நம் தலை எண்ணெயும் சமையல் எண்ணெயும் அப்படித்தான் கல்லின் அடிப்பக்கம் படிகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு நாலு சொட்டு, கால் மணி நேரம் ஊறல், பிறகு மெல்லிய பிரஷ்ஷால் அடியிலிருந்து தேயுங்கள். ஒரு கிண்ணத்தில் வைத்துச் செய்யுங்கள், ஓடுகிற குழாயடியில் வேண்டாம். பிளீச்சிங் பவுடர் கிட்டேயே வரக்கூடாது. இப்படி ஊறவைத்துத் தேய்ப்பது, அடி திறந்திருக்கிற ஓப்பன் செட்டிங்கில் வைத்த வைரத்துக்கு மட்டும். முத்து, மரகதம், க்ளோஸ் செட்டிங் எதையும் ஊறவைக்காதீர்கள்.

அடுத்து அளவு. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குத் தெரியாமல் வாங்குவதில்தான் பெரும்பாலும் பிசகுகிறது. நம் ஊர் அளவு எண்ணோடு 40 கூட்டினால், ஏறத்தாழ உள் சுற்றளவு மில்லிமீட்டரில் கிடைக்கும். 14-ஆம் அளவு என்றால் 54 மில்லிமீட்டர். நூலைச் சுற்றி அளக்காதீர்கள், நூல் இழுபடும். மேலும் மோதிரம் தாண்ட வேண்டியது விரலின் கணுவை, அதன் அடியை அல்ல. அதே கையில் அதே விரலில் போடுகிற பழைய மோதிரத்தைக் கொண்டுபோவது உத்தமம். வலது கைக்காரர்களுக்கு வலது விரல் கொஞ்சம் தடித்திருக்கும். வெயிலில் விரல் வீங்கும், விடியற்காலைக் குளிரில் சுருங்கும், ஆகவே இரண்டு வேளை அளந்து பாருங்கள். அகலப் பட்டை என்றால் அரை அளவாவது கூட்டுங்கள். வளையம் முழுக்கக் கல் பதித்தது மட்டும் வேண்டாம், பின்னால் அதைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ இடமே இருக்காது.

நேரம் முடியப் போகிறதென்று சைகை வருகிறது. ஹால்மார்க் பற்றிச் சுருக்கமாக: பி.ஐ.எஸ். என்கிற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரை, 22கே916 அல்லது 18கே750 என்ற தர எண், எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடம் கொண்ட எச்.யு.ஐ.டி. என்கிற அடையாளக் குறியீடு ஆகிய மூன்றும் மோதிரத்தின் உள்பக்கம் இருக்க வேண்டும். அந்தக் குறியீட்டை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம். இது தங்கத்துக்கு மட்டும்தான், கல்லுக்குத் தனிச் சான்றிதழ் கேளுங்கள்.

உள்ளே பெயர் பொறிக்கிறவர்கள், கல்லுக்கு நேர் எதிரே அடியில் பொறிக்கச் சொல்லாதீர்கள். அளவு மாற்றும்போது பொதுவாக அங்கேதான் வெட்டுவார்கள். சற்றுப் பக்கவாட்டில் பொறிக்கச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.