சம்பளத்துக்கு மேல் ஒரு பங்கு

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

இளம் ஊழியர்கள் தங்களுக்கு ஒதுக்கப்பட்டதற்கும் மேலாக, யாரும் சொல்லாத வேலையைக்கூட இழுத்துப்போட்டுச் செய்வது எதனால் என்று பேச அழைத்திருக்கிறீர்கள். நம் கடற்கரையில் இதற்குப் பழகிப்போன விடை ஒன்று இருக்கிறது. பாம்பனிலும் மண்டபத்திலும் கடலுக்குப் போகிறவருக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது. டீசல், ஐஸ் செலவு போக மிஞ்சுவதில் பங்குதான். கரைக்கு வந்ததும், கிழிந்த வலையை அவர் தாமாகவே உட்கார்ந்து பொத்துவது, நாளைய மீன்பிடிப்பிலும் தமக்குப் பங்கு உண்டு என்பதால்தான். அவருடைய பிள்ளை படித்துவிட்டு ஏற்றுமதி கம்பெனியிலோ தங்கும் விடுதியிலோ சம்பளத்துக்குச் சேரும்போது, அந்தப் பங்கு அறுந்துபோகிறது.

அதற்கு ஈடாக எதைக் கொடுக்கலாம்? மனிதர் மனமுவந்து உழைப்பதற்குத் தாமே முடிவெடுக்கும் உரிமை, தம்மால் முடியும் என்ற உணர்வு, உடனிருப்போரோடு ஒட்டுதல் ஆகிய மூன்றும் வேண்டும் என்று டெசி, ரயன் என்ற உளவியலாளர்கள் விளக்கினார்கள். நம் பகுதியில் ஒட்டுதலுக்குக் குறைவில்லை. பிள்ளைகளுக்குக் கிடைக்காதது முதலாவதுதான்.

1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலம் சிதைந்தபோது, அதைச் சீரமைக்கும் பொறுப்பு 32 வயதுப் பொறியாளர் இ. ஸ்ரீதரனிடம் தரப்பட்டது. ஆறு மாத அவகாசத்தை மேலதிகாரி மூன்றாகக் குறைத்தார். ஸ்ரீதரனோ கடலுக்குள் விழுந்த இரும்புத் தூலங்களையே தேடி எடுத்துப் பொருத்தி, 46 நாளில் முடித்துக் கொடுத்தார். கெடுவை நெருக்கியதால் மட்டுமே இது நடந்துவிடவில்லை, வழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர் கையில் இருந்ததும் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

நானறிந்த நண்டு கம்பெனி ஒன்றில், எடை போடும் இளைஞர் ஒருவர் ஒவ்வொரு பெட்டியிலும் ஐஸ் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதைத் தாமாகவே ஒரு நோட்டில் குறித்து வந்தார். மதிய வண்டியில் வரும் சரக்குதான் கெடுகிறது என்று அதிலிருந்து தெரிந்தது. முதலாளி அந்த நோட்டை வாங்கிப் பார்த்து, வண்டி நேரத்தை அவரையே மாற்றியமைக்கச் சொன்னார். அடுத்த வாரமே அவர் ஐஸ் பெட்டிகளின் மூடியையும் கவனிக்கத் தொடங்கிவிட்டார். பிறகு வந்த மேலாளர் அந்த நோட்டைத் தினக் கட்டாயமாக்கி, ஒருநாள் எழுதத் தவறியதற்காக எல்லோர் முன்னிலும் அவரைக் கண்டித்தார். நோட்டு இன்றும் நிரம்புகிறது. ஆனால் இளைஞர் புதிதாக எதையும் சொல்வதில்லை.

சம்பளம் ஒழுங்காகத் தராமல் ஆர்வத்தை மட்டும் கேட்பது அநியாயம்; அதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஒழுங்காகத் தருகிற முதலாளிகளிடம் ஒன்று கேட்கிறேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளையிடம், சிறியதாக இருந்தாலும், ஒரு முடிவை முழுமையாக ஒப்படையுங்கள். அது பலித்தால் வாங்குபவர் முன்னிலையில் அவர் பெயரைச் சொல்லுங்கள். பலிக்காவிட்டால், தனியே அழைத்துக் காரணத்தைக் கேளுங்கள்.

வணக்கம்.