அப்பாவின் பேச்சு மாறும்போது: கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து

வணக்கம். வயதான அப்பா அம்மாவின் பேச்சு மெல்ல மெல்ல மாறுவதைப் பார்த்துக் கலங்கி நிற்பவர்களுக்காக இன்று பேசுகிறேன். கேட்டதையே கேட்கிறார், சொன்ன கதையையே சொல்கிறார், கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார், திடீரென்று பேச்சையே குறைத்துக்கொள்கிறார் என்றால், நம் வீடுகளில் உடனே "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று முடித்துவிடுகிறோம். நான் இதை ஏற்கவில்லை. இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, நாம் செய்ய வேண்டியதும் வேறு.

முதலில் காதைப் பாருங்கள். முதுமையில் வரும் செவிக்குறைவு பெரும்பாலும் உச்சச் சுருதியில் வரும் ஒலிகளைத்தான் முதலில் பறிக்கிறது. அதனால் உயிரெழுத்துகளின் ஓசை காதில் விழும். ச, த, ப போன்ற மெய்யொலிகள் நழுவிவிடும். "சத்தம் கேட்குது, என்ன சொல்றேன்னுதான் புரியல" என்று பெரியவர்கள் சொல்வது முழு உண்மை. நாம் கத்தினால் ஓசை பெருகுமே தவிரத் தெளிவு வராது; கோபப்படுகிறோம் என்று அவர்கள் நினைப்பதுதான் மிச்சம். மிக்சியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டு, வெளிச்சத்தில் எதிரே உட்கார்ந்து, முகம் தெரியும்படி நிதானமாகப் பேசுங்கள். கல்யாண மண்டபத்தில் பெரியவர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் உறவினர்கள் அதை வீம்பு என்கிறார்கள். அந்த இரைச்சலில் சொற்களைப் பிரித்தெடுக்க முடியாமல் அவர் களைத்துப்போயிருக்கலாம் என்று யாரும் எண்ணுவதில்லை. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஒருமுறை காட்டிவிடுங்கள். சில நேரம் அடைத்திருக்கும் காதழுக்கே காரணமாக இருக்கும்.

வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் ஆகியவையும் பேச்சையும் நினைவையும் மந்தமாக்கும். ஆனால் நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று குழம்பிப் பேசினால் காத்திருக்கவே கூடாது. சிறுநீர்த்தொற்று, உப்புச்சத்துக் குறைவு, கத்திரி வெயிலில் நீர்ச்சத்து இழப்பு, பக்கவாதம் என எதுவும் அதன் பின்னால் இருக்கலாம். வாய் கோணி, கை தளர்ந்து, சொல் குழறினால் அந்த நொடியே 108-ஐ அழையுங்கள்.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகும் மிஞ்சுவது நினைவு சார்ந்த மாற்றம். மறதி நோயின் தொடக்கத்தில் அண்மை நிகழ்வுகள்தான் முதலில் பிடி நழுவும். இளமைக்காலம் நெடுநாள் நிலைத்திருக்கும். அதனால்தான் காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதை மறந்தவர் ஐம்பது ஆண்டுக்கு முந்தைய வரவுசெலவை ஒப்பிக்கிறார். என் அப்பா பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காடு வைத்திருந்தவர். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது அந்தப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. இப்போது காற்று சற்றே பலமாக வீசினாலும் "காடு என்னாச்சு?" என்று கேட்கிறார். "எல்லாம் போயிடுச்சே, மறந்துட்டீங்களா?" என்று சொன்னால், அந்த இழப்பை அவர் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தாங்க வேண்டும். காடு நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லவும் எனக்கு மனமில்லை. "கிணத்தோரம் எந்த மரம்பா நல்லாக் காய்க்கும்?" என்று கேட்கிறேன், அவர் மரம் மரமாகச் சொல்லத் தொடங்குகிறார். அவர் கேட்டது செய்தியை அல்ல, துணையை என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவரை "வாடா, போடா" என்று அழைத்த சேக்காளிகள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அந்தக் கதைகளைப் பாதியில் பிடுங்கி முடித்துவைக்க இப்போது யாருமில்லை. எனவே முழுக்கதையும் நம்மிடம் வருகிறது. "இதைத்தான் முந்தாநாளே சொன்னீங்களே" என்பதைப் பிள்ளைகள் வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். "ஞாபகம் இருக்கா?" என்று தேர்வு வைப்பதையும் நிறுத்துங்கள். வெளியூரில் இருக்கும் உடன்பிறப்புகளுக்கு ஒரு வேண்டுகோள்: உதட்டைப் பார்க்க முடியாத தொலைபேசிப் பேச்சு பெரியவர்களுக்கு மிகக் கடினம், ஆகவே காணொளியில் அழையுங்கள்.

பார்த்துக்கொள்பவருக்கும் பொறுமை தீரும் நாள் உண்டு. அன்று பேச்சுக்கு இன்னொருவரை உட்காரவைத்துவிட்டு வெள்ளிக் கடற்கரைவரை நடந்துவாருங்கள். வீட்டில் வேறு ஆளே இல்லை, யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை என்றால், முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண் 14567; காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை அழைக்கலாம்.