நான்கு மணியா, பதினான்கு மணியா?

வணக்கம் நேயர்களே.

பிரெஞ்சு படிக்கிறவர்கள், படித்த கையோடு அந்த நாட்டுக்கே போய்ச் சில வாரம் தங்கிப் பேசிப் பழக நினைக்கிறவர்கள், பிள்ளைகளை அப்படி அனுப்பப் போகிறவர்கள், உங்களையெல்லாம் மனத்தில் வைத்துத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். நான் புதுச்சேரியில் மாலை வகுப்பில் ஆறு வருடம் பிரெஞ்சு படித்தேன். தேர்வுகளில் நல்ல மதிப்பெண்களும் வாங்கினேன். ஆனால் அந்த மொழியில் எனக்கு உண்மையாகவே வாய் திறந்தது, போட்டு வைத்திருந்த பயணத் திட்டம் உடைந்துபோன நான்கு நாட்களில்தான்.

2019 டிசம்பர். பதினைந்து நாள் பயணம். இரண்டு வாரத்தை நாம் பதினைந்து நாள் என்கிறோம் அல்லவா? பிரெஞ்சுக்காரர்களும் 'கான்ஸ் ழூர்', பதினைந்து நாள் என்றுதான் சொல்வார்கள். ஒரு வாரம் அவர்களுக்கு எட்டு நாள். இதை முதன்முதலில் கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பாரிஸில் இறங்கியதும் மோன்பர்னாஸ் நிலையத்தில் அதிவேக ரயில் பிடித்து, லுவார் நதிக்கரையிலுள்ள தூர் நகரத்துக்குப் போவதாக ஏற்பாடு. ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பயணம். அந்தப் பக்கத்துப் பிரெஞ்சு தெளிவாக இருக்கும் என்று வெகுகாலமாகவே பெயர். ஒரு குடும்பத்தோடு தங்கல், காலையில் வகுப்பு, மாலையில் நதியோரத்து அரண்மனைகள். மணிக்கு மணி அட்டவணை போட்டு வைத்திருந்தேன்.

ஓய்வூதியச் சீர்திருத்தத்தை எதிர்த்து டிசம்பர் 5-ஆம் தேதி நாடு தழுவிய வேலைநிறுத்தம் தொடங்கியது. நான் இறங்கியது 6-ஆம் தேதி. விமான நிலையத்திலிருந்து, அரிதாக ஓடிய ஒரு ரயிலில் நெருக்கியடித்துக்கொண்டு பாரிஸின் வடக்கு நிலையத்துக்கு வந்து சேர்ந்தேன். அறிவிப்புப் பலகையைப் பார்த்தால் வரிசை வரிசையாக ஒரே சொல்: 'சுப்ரிமே'. ரத்து என்று பொருள். கைபேசியைப் பார்த்தேன். என் தூர் ரயிலுக்கு நேரேயும் அதே சொல். நகரத்துக்குள் மெட்ரோவிலும் 1, 14 ஆகிய இரண்டு தடங்கள்தான் வழக்கம்போல் ஓடின. ஏனென்றால் அவை இரண்டும் ஓட்டுநர் இல்லாமல் தானாக ஓடுபவை.

ஆறு வருடப் படிப்பில் 'அருங்காட்சியகம் எங்கே இருக்கிறது' என்று கேட்க எத்தனை முறை பழகியிருப்பேன்! 'என் ரயில் ரத்தாகிவிட்டது, இப்போது நான் என்ன செய்யலாம்' என்று கேட்க ஒரு முறைகூட யாரும் சொல்லித் தரவில்லை. இது என் மனத்தில் நெடுநாளாக உள்ள குறை. பாடப்புத்தகத்தில் எல்லா ரயிலும் நேரத்துக்கு வந்துவிடுகிறது.

அந்த வடக்கு நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் லா ஷப்பேல். ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த பகுதி. நகைக்கடை, புடவைக்கடை, மளிகை, சாப்பாட்டுக்கடை, எங்கு பார்த்தாலும் தமிழ்ப் பெயர்ப்பலகை. பக்கத்திலேயே சின்னதாக ஓர் அறை எடுத்துக்கொண்டு, ஒரு மளிகைக்கடையில் நுழைந்தேன். கல்லாவில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா. என் கதையைக் கேட்டுவிட்டு முதலில் தேநீர் கொடுத்தார். சூடான தேநீரும் தமிழும் கிடைத்த பிறகு எனக்கு அங்கிருந்து நகரவே மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை அங்கேயே தமிழ் பேசிக்கொண்டு இருந்துவிட்டேன். பிரெஞ்சு பழகப் பறந்து போனவள்!

ஞாயிறு மதியம் அந்த அக்காதான் வழி சொன்னார். தனியார் காரில் பெட்ரோல், சுங்கச் செலவைப் பங்கு போட்டுக்கொண்டு போகிற வழக்கம் அங்கே உண்டு, 'கோவ்வாத்யூராழ்' என்பார்கள். கைபேசியில் தேடித் தூர் நகருக்குப் போகும் ஒரு காரைக் கண்டுபிடித்தோம். ஓட்டுகிறவரிடம் பேச வேண்டும். "அக்கா, நீங்களே ஒரு வார்த்தை பேசிவிடுங்களேன்" என்று கைபேசியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இல்லைத் தங்கச்சி. நீங்கள் பிரெஞ்சு கதைக்கத்தானே வந்தனீங்கள்? நீங்களே கதையுங்கோ. நான் பக்கத்தில நிக்கிறன்."

தொலைபேசியில் பேசுவதுதான் அந்நிய மொழியில் மிகக் கடினம். முகம் தெரியாது, உதடு தெரியாது, கைச்சைகை காட்ட முடியாது. வானொலி நேயர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஓட்டுகிறவர் வேகமாகச் சொன்னார். எனக்குக் காதில் விழுந்தது 'கத்ர் ஊர்', நான்கு மணி. சரி சரி என்று வைக்கப் போனேன். அக்கா கையைப் பிடித்தார். "மணியைத் திருப்பிக் கேளுங்கோ." கேட்டேன். ஓட்டுகிறவர் சொன்னது 'கத்தோர்ஸ் ஊர்'. பதினான்கு மணி, அதாவது மதியம் இரண்டு! கத்ர், கத்தோர்ஸ். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால் கார் என்னை விட்டுவிட்டுப் போயிருக்கும். பரிசு பெற்ற மாணவிக்கு அன்றைக்கு அந்த அக்கா கற்றுக்கொடுத்தார். அவர் பிரெஞ்சு வகுப்புக்கே போனதில்லை, முப்பது வருடம் கடையில் நின்று கற்றவர்.

மறுநாள் திங்கட்கிழமை. அக்காவின் தம்பி, கடைக்குச் சரக்கு ஏற்றும் வேனில் என்னை நகரத்தின் தெற்கு எல்லை வரை கொண்டுபோய் விட்டார். அன்று காலை பாரிஸ் வட்டாரச் சாலைகளில் எல்லாமாகச் சேர்த்து 600 கிலோமீட்டருக்கும் மேல் வாகன நெரிசல். தூர் சுமார் 240 கிலோமீட்டர். வழக்கமாக மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாமாம், எங்களுக்கு ஐந்தரை மணி நேரம் ஆனது. நேயர்களே, அந்த ஐந்தரை மணி நேரத்தை எந்த வகுப்புக்கும் ஈடு கொடுக்க மாட்டேன். காரில் செவிலியர் படிப்பு மாணவி ஒருத்தி, ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், ஓட்டுகிறவர், நான். பேச்செல்லாம் ஓய்வூதியம்தான். 42 வகை ஓய்வூதியத் திட்டங்களை ஒன்றாக்கப் போகிறார்களே, அது நியாயமா என்று மாணவிக்கும் பெரியவருக்கும் வாக்குவாதம். பாதி புரியவில்லை. புரியாததைக் கேட்டேன், கேட்கக் கேட்கச் சொன்னார்கள். இந்தியாவில் எப்படி என்று என்னையும் கேட்டார்கள், நானும் தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

அந்தப் பெரியவர்தான் வேலைநிறுத்தத்துக்கு ஏன் 'கிரெவ்' என்று பெயர் என்று விளக்கினார். கிரெவ் என்றால் மணலும் சரளைக்கல்லும் கிடக்கும் கரை. பாரிஸில் சேன் நதிக்கரையில் அந்தப் பெயரிலேயே ஒரு திடல் இருந்தது. இன்றைக்கு நகரசபைக் கட்டடத்துக்கு முன்னால் இருக்கும் இடம். வேலை தேடுகிற கூலியாட்கள் காலையில் அங்கே வந்து நிற்பார்களாம். வேலை இல்லாமல் கிரெவ் திடலில் நிற்பது என்ற பேச்சே பிறகு, வேலையை நிறுத்தி நிற்பது என்று மாறிவிட்டது. வேலைக்காகக் காத்து நின்ற இடத்தின் பெயர், வேலையை மறுத்து நிற்பதற்குப் பெயராகியிருக்கிறது. நான் முந்தைய நாள் அந்தத் திடலைத் தாண்டித்தான் நடந்திருந்தேன், தெரியாமலே.

தூர் போய்ச் சேர்ந்த பிறகு நடந்ததைச் சொல்ல நினைத்தேன், கடிகாரம் அவசரப்படுத்துகிறது. முதல் நாள் வகுப்பு போய்விட்டது, போகட்டும். அரண்மனைகளில் ஷெனோன்சோ ஒன்றைத்தான் பார்த்தேன். ஷேர் நதியின் மேலேயே பாலம்போலக் கட்டியிருக்கிறார்கள்.

போகிறவர்களுக்காக ஐந்து வாக்கியம் எழுதி வந்திருந்தேன், இரண்டுக்குத்தான் நேரம். 'மோன் த்ரான் ஏ சுப்ரிமே.' என் ரயில் ரத்தாகிவிட்டது. அப்புறம், 'ஆ கெல் ஊர், சில் வு ப்ளே?' எத்தனை மணிக்கு, தயவுசெய்து சொல்லுங்கள். விமானம் ஏறும்முன் இவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். வணக்கம்.