மஞ்சள் கரு 12

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

புது வருஷம் பிறக்கப் போகிறது, புதிய தொடக்கம் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று வானொலி நிலையத்தில் கேட்டார்கள். எனக்குத் தொடக்கம் என்றாலே எங்கள் வீட்டு ரவை கேக்தான் நினைவுக்கு வரும். தூத்துக்குடிக்காரி மக்ரூனைப் பற்றிப் பேசாமல் ரவை கேக்கைப் பற்றிப் பேசுகிறாளே என்று நினைப்பீர்கள். மக்ரூனும் வரும். மக்ரூன் இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் அந்தக் கேக்கே கிடையாது.

முதலில் ஆச்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவைப் பெற்ற ஆச்சி. தனுஷ்கோடிக்காரி. இன்றைக்குத் தனுஷ்கோடிக்குப் போனால் இடிந்த தேவாலயத்தின் முன்னால் நின்று எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். 1964 வரைக்கும் அது ஆள் புழங்கிய ஊர். ரயில் நிலையம், தபால் நிலையம், சுங்க அலுவலகம், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. சென்னையில் இருந்து வருகிற போட் மெயில் அங்கே வந்து நிற்கும். இறங்கினவர்கள் கப்பல் ஏறித் தலைமன்னார் போவார்கள், அங்கிருந்து கொழும்புக்கு வேறு ரயில். எங்கள் தாத்தாவுக்கு அந்தத் துறையில் சுமை தூக்குகிற வேலை. ரயிலில் இருந்து கப்பலுக்கு, கப்பலில் இருந்து ரயிலுக்கு. நாள் முழுக்க அடுத்தவர் பெட்டி.

ஒருநாள் கொழும்பில் இருந்து வந்த குடும்பம் ஒன்று கூலியோடு ஒரு பொட்டலமும் கொடுத்தது. தாத்தா அதைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு துண்டு கேக். மேலே தொட்டால் மொறுமொறுவென்று இருக்கிறது, உள்ளே ஈரம். பன்னீர் வாசம், சாதிக்காய் வாசம், பல்லில் முந்திரி. ரவையில் செய்தது. இலங்கையில் அதை லவ் கேக் என்கிறார்கள். போர்த்துக்கீசியர் வழியாக வந்து, அங்கேயே தங்கிவிட்ட ஐரோப்பியரின் வழிவந்த பறங்கியர் வீடுகளில் வளர்ந்த பண்டம். அங்கே அது இல்லாமல் கிறிஸ்துமஸ் இல்லை என்கிற வீடுகள் உண்டு. ஆச்சி விரல்நுனி அளவு எடுத்து வாயில் போட்டுவிட்டு, மிச்சத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்தாளாம். அதற்குப் பிறகு, கொழும்பில் சமையல் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிய ஒரு அம்மாவைத் துறையிலேயே பிடித்து நிறுத்தி, எப்படிச் செய்வது என்று கேட்டுவிட்டாள். எழுதப் படிக்கத் தெரியாது ஆச்சிக்கு. கேட்டது அப்படியே மனதில் நின்றுவிடும்.

அந்த அம்மா சொன்னதில் முதல் வரி, மஞ்சள் கரு பன்னிரண்டு. முட்டை பன்னிரண்டு என்று கேட்டதுமே ஆச்சி சிரித்துவிட்டாளாம். சுமை தூக்குகிறவர் வீட்டில் பன்னிரண்டு முட்டையை ஒரே சட்டியில் உடைத்து ஊற்ற முடியுமா? அதனால் தனுஷ்கோடியில் இருந்தவரைக்கும் ஆச்சி அந்தக் கேக்கை ஒரு தடவைகூடச் செய்ததில்லை. செய்முறை மட்டும் மனதில் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

1964 டிசம்பர் 22, தனுஷ்கோடியைப் புயல் அடித்த ராத்திரி. நேயர்களில் வயதில் மூத்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டியதில்லை. ஆச்சி அப்போது தங்கச்சிமடத்தில் தாய்வீட்டில் இருந்தாள். மூன்று நாள் முன்னால்தான் என் சித்தி பிறந்திருந்தாள். அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது, அவளும் அங்கே. தாத்தா பிள்ளையைப் பார்க்க அன்று மத்தியானம் கிளம்பி வந்தவர், காற்று வலுக்கிறது, காலையில் போகலாம் என்று தங்கிவிட்டார். அதனால்தான் எனக்குத் தாத்தா என்று ஒருவர் இருந்தார். பாம்பனில் இருந்து போன பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை எட்டும் முன்பே ஆட்களோடு கடலுக்குள் போனது. ஊர் போனது. வீடு, ஆடு, அலுமினியச் சட்டி, கல்யாணப் புடவை, எல்லாம். இனி அங்கே மனிதர் வாழ முடியாது என்று அரசாங்கமே அறிவித்துவிட்டது. உடைந்த பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் என்ற பொறியாளர் 46 நாளில் சரிசெய்தார். மறுபடி ராமேஸ்வரத்துக்கு ரயில் வந்தது. ஆனால் தனுஷ்கோடிக்கு வரவில்லை, இன்றுவரைக்கும் வரவில்லை. துறை இல்லை, கப்பல் இல்லை, தாத்தாவுக்குத் தூக்கச் சுமையும் இல்லை.

தூத்துக்குடிக்கு வந்தார்கள். கைக்குழந்தை, ஒன்பது வயதுப் பிள்ளை, யாரோ கொடுத்த இரண்டு போர்வை. தாத்தாவுக்கு ஒரு ரொட்டிக்கடையில் மாவு மூட்டை இறக்குகிற வேலை கிடைத்தது.

இனி மக்ரூனுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி மக்ரூனில் போடுவது மூன்றே பொருள். முட்டை வெள்ளைக் கரு, சீனி, முந்திரி. வெள்ளைக்காரர் ஊரில் பாதாம் போடுவார்கள், நமக்குப் பக்கத்தில் கொல்லம் இருக்கிறது, அதனால் முந்திரி. வெள்ளைக் கருவைப் பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு அடிக்க வேண்டும். இப்போது மிஷின் அடிக்கிறது, அன்று கை அடித்தது. பாத்திரத்தில் ஒரு பொட்டு மஞ்சள் கரு ஒட்டியிருந்தாலும் போச்சு, ஒரு பொட்டு எண்ணெய் இருந்தாலும் போச்சு, நுரை எழும்பாது. சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பொடித்த முந்திரியை நுரை அமுங்காமல் கலந்து, தாளைக் கூம்பாகச் சுருட்டி அதற்குள் நிரப்பிப் பிழிந்தால் தட்டில் கோபுரம் கோபுரமாக நிற்கும். ரொட்டி வேலை எல்லாம் முடிந்து, விறகு அடுப்பின் சூடு தணிந்த பிறகு, ராத்திரி உள்ளே வைப்பார்கள். விடிகிறவரைக்கும் அந்த மிச்சச் சூட்டில் காயும். அது வேகுகிற பண்டம் என்பதைவிட உலருகிற பண்டம் என்று சொல்ல வேண்டும். அதனால்தான் மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் பிசுபிசுத்துவிடுகிறது.

சரி, வெள்ளைக் கரு மக்ரூனுக்குப் போயிற்று. மஞ்சள் கரு? ஒரு தட்டு மக்ரூனுக்கே எத்தனை முட்டை உடைப்பார்கள், யோசித்துப் பாருங்கள். கொஞ்சம் மற்றப் பலகாரத்துக்குப் போகும், மிச்சம் கிடக்கும். வேலைக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒருநாள் தாத்தா தூக்குவாளியில் கொண்டுவந்தார். ஆச்சி மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே முழுசு முழுசாக, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, மஞ்சள் கரு. ஆச்சி ஒவ்வொன்றாக எண்ணினாளாம். எண்ணிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டாள் என்று அம்மா சொல்வாள். புயல் அடித்த நாளில் இருந்து ஆச்சி அழுது யாரும் பார்த்ததில்லை.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குத்தான் எங்கள் வீட்டில் முதல் ரவை கேக். முதலாளி நல்ல மனிதர், மக்ரூன் தட்டுகளை வைக்கும் முன்னால், அடுப்பில் சூடு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிற நேரத்தில், ஆச்சியின் தகர டப்பாவை உள்ளே வைக்க விட்டார். அடுப்பை ஆச்சி கடைசிவரைக்கும் போறணை என்றுதான் சொல்வாள். இலங்கையில் புழங்குகிற சொல், அதுவும் அந்தக் கப்பலில்தான் வந்தது.

எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு என்று யாராவது யாருக்காவது ஆறுதல் சொன்னால் எனக்கு மனசு கேட்பதில்லை. எங்கள் வீட்டில் யாரும் மறந்து தொடங்கியதில்லை. போன ஊரில் கேட்டு வைத்த செய்முறை, வந்த ஊரில் மிஞ்சிய மஞ்சள் கரு, அடுப்பில் மிஞ்சிய சூடு. இந்த மூன்று மிச்சத்தில்தான் நாங்கள் தொடங்கினோம்.

அம்மாவுக்கு எழுதத் தெரியும். ஆச்சி சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். நீல மசியில், மசிப்பேனாவால், அழகான கையெழுத்து. ஒவ்வொரு வருஷமும் செய்து முடித்ததும் ஓரத்தில் பென்சிலால் ஒரு திருத்தம் எழுதுவாள். அந்தப் பென்சில் பால் கணக்கு எழுதுவதற்காகக் காலண்டரில் கட்டித் தொங்கும், கைக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான். அம்மா போன பிறகு நோட்டு என்னிடம் வந்தது.

2023 டிசம்பர் 17. இதையும் நம் பக்கத்து நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. நம் ஊரில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு பெய்யாது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், மாடி வீட்டுக்காரர்கள் மேலே ஏற்றிக்கொண்டார்கள். தண்ணீர் வடிந்து நாங்கள் கதவைத் திறந்தபோது கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள். கேக் அடுப்புக்குள் சேறு. மாவு டப்பாவைத் திறந்தால் புளித்த வாடை. நோட்டு பரணில் இருந்து விழுந்து, தரையில் ஊறி, இட்லி மாதிரி உப்பிக் கிடந்தது.

பிரிக்காமல் நிழலில் வைத்து, ஒவ்வொரு தாளாக, தோசைத் திருப்பி நுனியால் பிரித்தேன். நீல மசி எல்லாம் கரைந்து போயிருந்தது. பக்கம் முழுக்க வெளிர்நீலம், ஒரு எழுத்து இல்லை. ஆனால் ஓரத்தில் பென்சில் அப்படியே இருந்தது! பென்சில் எழுத்து தண்ணீரில் கரையாது. அம்மா எழுதிய செய்முறை போய்விட்டது, அவள் போட்ட திருத்தங்கள் மட்டும் நின்றன. ‘சீனி அரைக்கால் குறை.’ ‘பன்னீர் போன தடவை அதிகம்.’ ‘சின்னவளுக்கு முந்திரி பெரிசா நறுக்கு.’ அந்தச் சின்னவள் நான்தான். ‘அடி கருகுது, தாள் 3 போடு.’

எதில் குறைக்க, எவ்வளவில் அரைக்கால் குறைக்க? தெரியவில்லை. சித்திக்கு போன் போட்டேன். புயலில் பிறந்த அதே சித்தி, அப்போது 59 வயது. மறுநாளே பஸ் பிடித்து வந்துவிட்டாள். நோட்டை வாங்கி, கண்ணாடி போட்டு, பென்சில் வரிகளை ஒவ்வொன்றாக வாசித்தாள்.

“ஏட்டி, இதுல அளவா இல்ல? எல்லாம் இருக்கு பாரு. சீனி குறைன்னு அக்கா எழுதுனா, ஆச்சி அரைக் கிலோ போட்டான்னு அர்த்தம். அதுல அரைக்கால் கிலோ, கிலோவுல எட்டுல ஒண்ணு, குறைச்சா எவ்வளவு?”

“முந்நூத்தி எழுபத்தஞ்சு கிராம், சித்தி.”

“பெறவு என்ன? எழுது.”

இப்படித் திருத்தத்தில் இருந்து பின்னால் நடந்து நடந்து முழுச் செய்முறையையும் சித்தி எடுத்துவிட்டாள். ரவைக்கு மட்டும் நோட்டில் துப்பில்லை. சித்தி கையைக் குவித்து அள்ளி அள்ளிக் காட்டினாள், “ஆச்சி கை என் கைதான், இப்படி நாலு.” தராசில் போட்டால் கால் கிலோவுக்கு ஒரு ஸ்பூன் கூட.

மின்சார அடுப்பு போய்விட்டது. வடை சட்டி வாங்கும் கடையில் ஒரு பெரிய அலுமினியச் சட்டி வாங்கினோம். அடியில் கழுவிக் காயவைத்த மணல் இரண்டு விரல் உயரம், அதன்மேல் ஒரு வளையம், அதன்மேல் கேக் டப்பா, மேலே தட்டு, தட்டின்மேல் சிரட்டைக் கரித் தணல். கீழே சின்னத் தீ. தெருவில் இன்னும் சேற்று வாடை. ஒரு மணி நேரம் கழித்து அதன் நடுவே பன்னீரும் சாதிக்காயும் மணக்கத் தொடங்கியது. பக்கத்து வீட்டு அக்கா துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே வாசலில் வந்து நின்றார்கள். என்ன வாசம் என்று கேட்கவில்லை. சும்மா நின்றார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தான் இருக்கிறதாம். கள் ஊற்றி ஆப்ப மாவைப் புளிக்க வைப்பது, பழைய மாவில் ஒரு கை எடுத்து அடுத்த மாவுக்கு உறை போடுவது, அதைப் பற்றியெல்லாம் பேச வேண்டும் என்று வந்தேன். அது இன்னொரு நாள். செய்முறையைச் சொல்லிவிடுகிறேன், பக்கத்தில் பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரவை கால் கிலோ, வாசம் வர வறுத்து, சூடு ஆறுவதற்குள் 200 கிராம் வெண்ணெயில் பிசறி ஊற விடுங்கள். மஞ்சள் கரு 12, சீனி 375 கிராம், இரண்டையும் வெளுக்கிறவரைக்கும் அடியுங்கள். அதில் ரவை, நறுக்கிய முந்திரி கால் கிலோ, சீனிப்பாகில் ஊறிய பூசணித் துண்டு ஒரு கைப்பிடி, தேன் இரண்டு ஸ்பூன், பன்னீர் ஒரு ஸ்பூன், அதற்கு மேல் வேண்டாம். ஏலமும் சாதிக்காயும் உங்கள் விருப்பம், எலுமிச்சைத் தோல் துருவல் கொஞ்சம். வெள்ளைக் கரு நாலு மட்டும் நுரைக்க அடித்துக் கடைசியில் கலக்குங்கள். மிச்ச வெள்ளைக் கருவுக்குத்தான் மக்ரூன் இருக்கிறதே. சின்னத் தீயில் ஒரு மணி நேரம், சில அடுப்புக்குக் கொஞ்சம் கூட ஆகும். மேலே சிவந்து, உள்ளே ஈரம் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

டப்பாவுக்கு அடியில் வெண்ணெய் தடவிய தாள், மூன்று. வணக்கம்.