எந்த வருஷத்து வண்டி?

நேயர்களுக்கு வணக்கம்.

சிக்னலில் வண்டியை நிறுத்திக் காத்திருக்கும்போது, பச்சை விழுந்ததும் நாம்தான் முதலில் பாய வேண்டும் என்று யாருக்கும் ஒரு கணம் தோன்றும். அந்த ஒரு கணத்தையே விளையாட்டாக ஆக்கியதுதான் டிராக் ரேஸ். நேர் சாலை, இரண்டு வண்டிகள், விளக்கு மாறியதும் பாய்ச்சல். கால் மைல், அதாவது 1320 அடி. வளைவு கிடையாது, சுற்று கிடையாது. அமெரிக்காவில் வளர்ந்த விளையாட்டு இது. அங்கே இதை முறைப்படுத்திய என்.எச்.ஆர்.ஏ. அமைப்பை வாலி பார்க்ஸ் 1951-இல் தொடங்கினார். 2008-இல் ஸ்காட் கலிட்டா என்ற ஓட்டுநர் விபத்தில் இறந்த பிறகு, அதிவேக வண்டிகளுக்கு மட்டும் தூரத்தை ஆயிரம் அடியாகக் குறைத்துவிட்டார்கள்.

அந்த வண்டிகளைப் பிளாஸ்டிக்கில் இருபத்தைந்தில் ஒரு பங்காகச் செய்வது எனக்கு நெடுநாள் பித்து. இருபத்தைந்தில் ஒன்று என்றால் எவ்வளவு? இன்றைய டாப் ஃபியூவல் டிராக்ஸ்டருக்கு, அதாவது டிராக் ரேஸின் அதிவேக நீள வண்டிக்கு, முன் அச்சிலிருந்து பின் அச்சு வரை 25 அடி. மேஜைமேல் அது ஓரடி. பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை எடுத்து வைத்துப் பாருங்கள், நான் சொல்கிற வண்டி அவ்வளவு நீளம்.

கிட், அதாவது ஒட்டிச் சேர்க்க வேண்டிய பாகங்கள் அடங்கிய பெட்டி, வாங்கியவர் முதலில் என்ன செய்வார்? பெட்டியைத் திறப்பார், பசையைத் தேடுவார். என்னைக் கேட்டால், பசையைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: இது எந்த வருஷத்து வண்டி? இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டிராக் ரேஸ் வண்டி வருஷத்துக்கு வருஷம் மாறும். சில சமயம் ஒரே நாளில், இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே, இன்ஜினே மாறிவிடும். வருஷம் தெரியாமல் செய்தால் 1965-இன் உடம்பில் 1975-இன் இறக்கை, அதாவது வண்டியைத் தரையோடு அழுத்தும் பலகை, ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

இதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும். டான் கார்லிட்ஸ் என்று ஒருவர். 'பிக் டாடி' என்றால் ரசிகர்களுக்குத் தெரியும். தன் வண்டிகளைத் தானே செய்பவர். அவற்றுக்கு 'ஸ்வாம்ப் ராட்' என்று பெயர், அதாவது சதுப்புநில எலி, கூடவே ஒரு எண். அந்தக் காலத்து டிராக்ஸ்டரில் இன்ஜின் முன்னால், ஓட்டுநர் கடைசியில். கடைசியில் என்றால் பின் சக்கரங்களுக்கும் பின்னால். அவருடைய இரண்டு கால்களும் பின் அச்சின் மேலாக நீண்டு, கிளட்சுக்கும் கியர் பெட்டிக்கும் பக்கத்தில் போய் நிற்கும். இன்ஜின் வெடித்தால் நெருப்பும் எண்ணெயும் நேராக முகத்துக்கு வரும். கியர் பெட்டி வெடித்தால்?

1970 மார்ச் 8. கலிபோர்னியாவில் லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப். கார்லிட்ஸ் கிளம்புகிறார், கியர் பெட்டி வெடிக்கிறது. வண்டி இரண்டு துண்டாக அறுந்தது. வலது பாதத்தின் முன்பாதி போய்விட்டது. வேறு யாராக இருந்தாலும் ஓட்டுவதை நிறுத்தியிருப்பார்கள். இவர் ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே அடுத்த வண்டியை யோசித்தார்: இன்ஜினைத் தூக்கிப் பின்னால் வைத்தால் என்ன?

யோசனை புதிதல்ல. மற்றவர்கள் முயன்று பார்த்துக் கைவிட்டது. வேகத்தில் அந்த வண்டி நேராகப் போக மறுக்கும். கோளாறு ஸ்டியரிங்கில் இருந்தது. கொஞ்சம் திருப்பினாலே சக்கரம் அதிகம் திரும்பிவிடும். கார்லிட்ஸ் அணியினர் ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் கொஞ்சமாகவே திரும்பும்படி செய்தார்கள், வண்டி அடங்கியது. 1971-இல் பொமோனாவில் நடந்த விண்டர்நேஷனல்ஸ் பந்தயத்தை அந்த வண்டியில் வென்றார். அடுத்த சில வருஷங்களில் முன்பக்க இன்ஜின் வைத்த டாப் ஃபியூவல் வண்டிகள் களத்திலிருந்தே மறைந்துபோயின.

மாடல் செய்பவருக்கு இதில் என்ன? ஓட்டுநர் இருக்கை எங்கே என்று பார்த்தாலே காலம் தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொண்டால் இறக்கை வேண்டுமா, எவ்வளவு உயரம் என்பதும் தெரியும். ஸ்பார்க் பிளக் ஒயர் எட்டா பதினாறா என்பதும் தெரியும். இன்றைய வண்டியில் சிலிண்டருக்கு இரண்டு பிளக், பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ இரண்டு, ஆகப் பதினாறு ஒயர். பழைய வண்டி பலவற்றில் எட்டுதான். திரும்பவும் அதே கேள்வி: எந்த வருஷத்து வண்டி?

ஒயர் பேச்சு வந்ததால் சொல்கிறேன். நிஜ ஒயர் 8 மில்லிமீட்டர் தடிமன். இருபத்தைந்தால் வகுத்தால் 0.3 மில்லிமீட்டர் சொச்சம். தையல் நூலைக் கட்டிவிட்டு முடிந்தது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்குப் பிடிக்காது. நூலில் பிசிறு நிற்கும், அந்த அளவில் அது கயிறாகத் தெரியும். மெல்லிய பிளாஸ்டிக் உறை போட்ட செப்புக் கம்பி வளைத்தபடி நிற்கும். இன்ஜின் தலைமேல் உட்கார்ந்து உள்ளே காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜரையும் கவனியுங்கள். அது முதலில் ஜெனரல் மோட்டார்ஸ் டீசல் இன்ஜின்களுக்குக் காற்றூட்ட இருந்தது, லாரி பஸ்களில் ஓடியது. 6-71 என்று எழுதியிருந்தால் ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம் என்று பொருள். பஸ்ஸிலிருந்து கழற்றிப் பந்தய வண்டியில் மாட்டிய துணிச்சலை நான் எத்தனை தடவை சொன்னாலும் எனக்குச் சலிப்பதில்லை.

இன்னொரு வகை ஃபன்னி கார். வெளியே சாதாரணக் கார் மாதிரி ஓர் ஓடு. அந்த ஓட்டின் முன்பக்கத்தைத் தூக்கினால் உள்ளே அசுர இன்ஜின். இதை ஓட்டியவர்களில் டான் புருடோமுக்குப் பாம்பு என்று பட்டப்பெயர், டாம் மெக்யூவனுக்குக் கீரி. பாம்பும் கீரியும் என்றால் நமக்கு விளக்கவா வேண்டும்! 1970-இல் இந்த இருவருக்கும் பணம் கொடுத்தது மேட்டல், பொம்மை நிறுவனம். பாம்புக்கு மஞ்சள் பாரகூடா கார், கீரிக்குச் சிவப்பு டஸ்டர் கார், இரண்டிலும் மேட்டலின் பொம்மைக் கார்களான ஹாட் வீல்ஸின் பெயர். காரைப் பார்த்துப் பொம்மை செய்வார்கள். இங்கே பொம்மை விற்ற காசில் கார் ஓடியது. இந்த வகையைச் செய்தால் அந்த மேல் ஓட்டை மட்டும் வண்டியோடு சேர்த்து ஒட்டிவிடாதீர்கள். திறந்து காட்ட முடியாவிட்டால் உள்ளே போட்ட உழைப்பு யாருக்கு?

சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம் பற்றி. கிட்டில் வலது ஒன்று, இடது ஒன்று என இரண்டு பக்கச் சட்டமாக வரும். அச்சில் வார்த்ததால் குழாய் நெடுக ஒரு கோடு ஓடும். உப்புத்தாளைத் தட்டையாகப் பிடித்துத் தேய்த்தால் உருண்டைக் குழாய் பட்டைக் குழாயாகிவிடும். தாளை மெல்லிய நாடாவாக வெட்டி, குழாயைச் சுற்றிப் போட்டு இழுங்கள். பசை காயும்வரை சட்டம் கண்ணாடித் தகட்டின் மேல் இருக்கட்டும். நேராகப் போவதற்கென்றே பிறந்த வண்டி கோணி நின்றால் எந்தப் பெயின்ட்டும் காப்பாற்றாது.

குரோம் பூசிய பாகங்களில், ஒட்டும் இடத்தில் மட்டும் பூச்சைச் சுரண்டுங்கள். பசை பிளாஸ்டிக்கைத்தான் கரைத்துப் பிடிக்கும், குரோமில் வழுக்கும்.

டயர். பழைய கிட்களில் வினைல் டயர் வரும். அதை மென்மையாக வைத்திருக்கும் ரசாயனம் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரின் சக்கரத்தை உருக்கிவிடும். வருஷங்கள் கழித்து அலமாரியைத் திறந்தால் சக்கரம் குழைந்திருக்கும். நடுவே மெல்லிய அலுமினியத் தாள் ஒரு சுற்று போதும். பின் டயரின் அடியைச் சற்றே தேய்த்துத் தட்டையாக்கினால் வண்டிக்கு எடை வந்துவிடும். நிஜ டயரில் காற்று மிகக் குறைவு, நிற்கும்போதே அது அமுங்கித்தான் இருக்கும்.

பெயின்ட்டுக்கென்று தனியாகப் பத்து நிமிடம் வைத்திருந்தேன். ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேரமாகிவிட்டது என்று கை காட்டிவிட்டார்கள். ஓடிக்கொண்டே சொல்கிறேன். பிரைமர் என்ற அடிப்பூச்சு அடிக்காமல் லேக்கர் பெயின்ட் அடிக்காதீர்கள், பிளாஸ்டிக் விரிசல் விட்டுப்போகும். மெல்லிய பூச்சு பல தடவை. மினுக்குத் துகள் பெரிதாக இருக்கும் பெயின்ட் வேண்டாம், இந்த அளவில் அது சரளைக்கல்லாகத் தெரியும். விளம்பர ஸ்டிக்கர்கள் தண்ணீரில் நனைத்து ஒட்டுபவை. பழையவை மஞ்சளடித்திருந்தால் ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி சில நாள் ஒட்டிவையுங்கள், வெளுத்துவிடும். ஒட்டிய பிறகுதான் மேல்பூச்சு, முன்னால் அல்ல. ஓட்டம் முடிந்ததும் வண்டியை நிறுத்த விரியும் பாரசூட்டின் பை... அதற்கு நேரமில்லை. பழைய புகைப்படத்தில் வண்டியின் பின்பக்கத்தைத் தேடிப் பாருங்கள், இருக்கும். வணக்கம்.