மாட்டுங்கா தெரு முக்கில் ஒரு சாண்ட்விச் கடை

நேயர்களுக்கு வணக்கம்.

மும்பையில் மாட்டுங்கா என்று ஒரு பகுதி. வேலைக்காக அங்கே போய் வந்தவர்களுக்குப் பெயரைச் சொன்னாலே பூக்கடை, வாழை இலைக் கட்டு, வறுத்து அரைக்கும் காப்பிக்கொட்டை வாசனை எல்லாம் வந்துவிடும். நான் அங்கே இருபத்திரண்டு வருடம் குடியிருந்தேன். மாட்டுங்கா என்றதும் எல்லோரும் இட்லியையும் காப்பியையும்தான் பேசுவார்கள். நான் பேசப்போவது எங்கள் தெரு முக்கில் இருந்த சாண்ட்விச் கடையைப் பற்றி.

கடை என்றால் சுவரும் கூரையும் உள்ள கடை இல்லை. ஒரு மரமேசை, மேலே நீலத் தார்ப்பாய், ஓரத்தில் ஒரு கரியடுப்பு. அவ்வளவுதான். மேசையின் ஒரு பக்கம் ரொட்டி கோபுரம் மாதிரி அடுக்கியிருக்கும். இன்னொரு பக்கம் வேகவைத்த உருளைக்கிழங்கு, பீட்ரூட், வெள்ளரிக்காய், தக்காளி, வெங்காயம். நடுவில் ஒரு பாத்திரத்தில் பச்சைச் சட்னி. அந்தச் சட்னியின் பக்குவத்தைக் கடைசியில் சொல்கிறேன், மறக்காமல் கேளுங்கள்.

கடைக்காரர் உத்தரப்பிரதேசத்துக்காரர். நாங்கள் அவரை ‘பையா’ என்போம், அண்ணன் என்று அர்த்தம். அவர் எங்களைத் தமிழில் ‘அண்ணா’ என்பார். ஆக, இரண்டு பக்கமும் அண்ணன்தான்.

அவர் சாண்ட்விச் போடும் முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. வீட்டில் நாம் செய்யும்போது ரொட்டி ஊறிப்போய், கையில் எடுத்ததும் பிய்ந்து விழுகிறது இல்லையா? அதற்குக் காரணம் வரிசை தப்புவதுதான். அவர் முதலில் வெண்ணெய் தடவுவார். பெயருக்கு நடுவில் ஒரு தீற்று இல்லை, நான்கு மூலைக்கும் போகிற மாதிரி. வெண்ணெய் ருசிக்கு மட்டும் இல்லை, அது ரொட்டிக்கு மழைக்கோட்டு. தக்காளித் தண்ணீரும் சட்னித் தண்ணீரும் அதைத் தாண்டி உள்ளே இறங்காது. அதன் மேல் சட்னி. அப்புறம் உருளைக்கிழங்கு. அது மெத்தை மாதிரி, மேலே வருகிற வழுக்கல் காய்களைப் பிடித்து நிறுத்தும். அப்புறம் பீட்ரூட், வெள்ளரி, தக்காளி, வெங்காயம். எல்லாம் வைத்த பிறகுதான் மசாலாத்தூள். அதில் உப்பு இருக்கிறது. உப்பு பட்டால் வெள்ளரிக்காய் தண்ணீர் விடும். வெண்ணெய் முதலில், உப்பு கடைசியில். இந்த இரண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், உங்கள் வீட்டு சாண்ட்விச் பிய்ந்து விழாது.

டோஸ்ட் கேட்டால், நீளக் கைப்பிடி வைத்த இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்து இடுக்கி, கரி அடுப்பில் காட்டுவார். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். பிறகு ஆறு துண்டாக வெட்டி, மேலே ஓமப்பொடி மாதிரி மெல்லிய சேவைத் தூவிக் கையில் கொடுப்பார்.

சரி, கடையைச் சொல்லியாயிற்று. இனி அங்கே வந்தவர்கள்.

காலையில் பூக்காரம்மா வருவார். திருநெல்வேலிப் பக்கம். விடியற்காலையில் பூ வாங்கித் தொடுத்து, கோயில் கூட்டம் முடிந்த பிறகுதான் அவருக்குப் பசியே தெரியும். அவருக்கு மிளகாய் தூக்கலாக. மத்தியானம் வி.ஜே.டி.ஐ. கல்லூரிப் பையன்கள். நாலு பேர் சேர்ந்து இரண்டு வாங்குவார்கள். அவர்களுக்கு உருளைக்கிழங்கு ஒரு அடுக்கு கூடுதல், கேட்காமலே. சாயங்காலம் ஒரு குஜராத்திப் பெரியவர். ஜைனர். மண்ணுக்கு அடியில் விளைகிற எதையும் சாப்பிட மாட்டார். வெங்காயம், உருளைக்கிழங்கு, பீட்ரூட் எதுவும் ஆகாது. அவருக்கு உருளைக்கிழங்குக்குப் பதில் வேகவைத்த வாழைக்காய். அதற்குத் தனிக் கத்தி, தனிப் பலகை. மழைக்காலத்து நாலு மாதம் அவர் கீரை, தழையும் தொட மாட்டார், அதனால் பச்சைச் சட்னியும் கிடையாது. எனக்கு வெங்காயம் இல்லாமல், நன்றாக முறுகலாக.

இதில் ஒன்றைக்கூட அவர் எழுதி வைத்ததில்லை. எங்களில் பாதிப் பேருடைய பெயர் அவருக்குத் தெரியாது. ஆனால் யார் நாக்குக்கு என்ன வேண்டும் என்று தெரியும். நான் தெருமுனை திரும்பும்போதே என் ரொட்டியில் வெண்ணெய் ஏறியிருக்கும். வீடு மாறி வந்த புதிதில், மொழியும் சரியாக வராத ஊரில், ஒரு மனிதர் நம் ருசியை நினைவில் வைத்திருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று வெளியூரில் பிழைத்தவர்களுக்குத் தெரியும்.

2005 ஜூலை 26. செவ்வாய்க்கிழமை. மும்பையில் இருந்த யாரும் மறக்க முடியாத நாள். வடக்கே சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. தெற்கே கொலாபாவில் நூறு மில்லிமீட்டர்கூட இல்லை. என் அலுவலகம் தெற்கே, கோட்டைப் பகுதியில். அதனால் மழை இவ்வளவு மோசம் என்றே எங்களுக்குத் தெரியவில்லை. கிளம்பிய பிறகுதான் ரயில் இல்லை, பேருந்து இல்லை என்று தெரிந்தது. நடந்தேன். பத்து கிலோமீட்டருக்கு மேல். தாதர் தாண்டியதும் இடுப்பளவு தண்ணீர். முன்பின் தெரியாத ஒருவர் தோளை நான் பிடித்துக்கொள்ள, என் தோளை இன்னொருவர் பிடித்துக்கொள்ள, வரிசையாக நடந்தோம்.

தெருவுக்குள் நுழையும்போது இரவு பத்து மணி இருக்கும். கரண்ட் இல்லை. கடை இருந்த இடத்தில் தண்ணீர். பையா எங்கே என்று பார்த்தால், பக்கத்துக் கட்டிடத்துப் படிக்கட்டில் மேசையை ஏற்றி, மெழுகுவத்தி வைத்து நின்றுகொண்டிருக்கிறார். கரி நனைந்துவிட்டது, டோஸ்ட் இல்லை. வெறும் ரொட்டி, வெண்ணெய், சட்னி, இருக்கிற காய். வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்குப் பாதி. காசைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்குக் கொடுத்த பாதியை இருட்டில் கடித்துப் பார்க்கிறேன், வெங்காயம் இல்லை. அந்த நேரத்திலும், நேயர்களே, அந்தக் கூட்டத்திலும்!

குஜராத்திப் பெரியவர் படிக்கட்டின் மேல்தட்டில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் தண்ணீர். சூரியன் மறைந்த பிறகு அவர் சாப்பிட மாட்டார், அது அவர்கள் நெறி. பையா அவரிடம் வற்புறுத்தவே இல்லை. ஆனால் நாலு துண்டு ரொட்டி, ஒரு தக்காளி, ஒரு வெள்ளரிக்காய், மூன்றையும் துணியில் சுற்றித் தனியாக வைத்திருந்தார். பதினொரு மணிக்கு எல்லாம் தீர்ந்தபோது ஒரு பையன் அதைக் காட்டிக் கேட்டான். “அது காலைக்கு” என்று சொல்லிவிட்டு, தன் பங்காக வைத்திருந்த பாதியை எடுத்து அவனிடம் கொடுத்தார். மறுநாள் பொழுது நன்றாக விடிந்த பிறகு, அந்தத் தனிப் பலகையைக் கழுவி வைத்து, அந்தப் பெரியவருக்குப் புதிதாக ஒன்று போட்டுக் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

நேரம் போய்விட்டது, நிலைய நண்பர் கையைக் காட்டுகிறார். இன்னொரு விஷயத்தை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். நடைபாதைக் கடைகளை அள்ளிப்போக லாரி வருகிற நாளில் ஆளுக்கொரு பாத்திரமாக எங்கள் வீடுகளுக்குள் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம். பூக்காரம்மா ரொட்டிக் கோபுரத்தையே சுமந்திருக்கிறார். இப்போது 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்க வேண்டும், கணக்கெடுப்பு முடியும்வரை இருப்பவர்களை அகற்றக் கூடாது, இடம் பற்றிப் பேசும் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேராவது வியாபாரிகளாக இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் தெருவில் தள்ளுவண்டி வைத்திருப்பவரிடம் இது தெரியுமா என்று கேளுங்கள். தெரியாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்.

சட்னி! கொத்தமல்லி இரண்டு கைப்பிடி, புதினா ஒரு கைப்பிடி, பச்சை மிளகாய் உங்கள் காரத்துக்கு, சீரகம், உப்பு, எலுமிச்சம்பழச் சாறு. கெட்டிக்கு ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலை. ஐஸ் தண்ணீர் விட்டு அரையுங்கள், பச்சை நிறம் மாறாது. தண்ணீர் குறைவாக விடுங்கள். வணக்கம்.