பாதம் எழும் நொடி: பெருமூளை வாதமுள்ள குழந்தைகளுக்கு மின்தூண்டலும் பயிற்சியும்

[காட்சி: நடந்துவரும் சிறுமி. கேமரா அவள் வலது பாதத்தில் நிற்கிறது.]

குரல்: இவள் அடி எடுத்து வைப்பதைப் பாருங்கள். குதிகாலுக்கு முன்பே முன்பாதம் தரையில் படுகிறது. காலை முன்னே கொண்டுவரும்போது விரல்கள் உரசுகின்றன. பெருமூளை வாதம் என்பது மூளையில் சிறுவயதிலேயே ஏற்பட்ட பாதிப்பால் உடல் அசைவு தடைபடும் நிலை. அதனால் ஒருபக்கம் பாதிக்கப்பட்ட பல குழந்தைகளின் நடை இதுதான். கெண்டைக்கால் இறுக்கம் உடனே கண்ணில் படும். பாதத்தைத் தூக்க வேண்டிய முன்பக்கத் தசையின் பலவீனம் அவ்வளவு எளிதில் தெரியாது. காலை நீட்டி இழுத்துவிடும் பயிற்சி மட்டும் செய்தால் அந்தத் தசைக்கு வேலையே இல்லை.

[அனிமேஷன்: முழங்காலின் வெளிப்புறம், நரம்பு ஒளிர்கிறது.]

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், ஓர் எலும்பு முனை கையில் தட்டுப்படும். பாதத்தைத் தூக்கும் தசைகளுக்கான நரம்பு அதைச் சுற்றித்தான் போகிறது, தோலுக்கு மிக அருகில். அங்கே ஒட்டுப்பட்டைகளை வைத்து, பேட்டரிக் கருவியால் மெல்லிய மின்துடிப்பு கொடுத்தால் பாதம் எழும். 1961-ல் அமெரிக்காவில் மருத்துவர் லிபர்சனின் குழுவினர் பக்கவாதம் வந்தவர்களிடம் இதைச் செய்துகாட்டினார்கள். ஷூவின் குதியில் ஒரு சுவிட்ச்: குதிகால் எழுந்ததும் மின்சாரம் பாயும், ஊன்றியதும் நின்றுவிடும்.

[காட்சி: பிசியோதெரபி அறை. சிறுமி படியில் கால் வைக்கிறாள்.]

அந்த நேரக்கணக்குதான் முக்கியம். குழந்தையைப் படுக்கவைத்துக் கருவியை ஓடவிட்டாலும் தசை சுருங்கும். ஆனால் நடக்கக் கற்றுக்கொள்ள அது போதாது. அவளே தூக்க முயலும் நொடியில் துடிப்பும் வர வேண்டும். அதனால்தான் படி ஏறுவது, பந்து உதைப்பது என்று அவளுக்குப் பிடித்த வேலையோடு சேர்த்துச் செய்கிறார்கள்.

கருவி மாட்டியிருக்கும்போது பாதம் நன்றாக எழுவது தெரியும். கழற்றிய பிறகு எவ்வளவு தங்கும் என்பது குழந்தைக்குக் குழந்தை மாறும். மூளையில் ஏற்பட்ட பாதிப்பை இது சரிசெய்யாது. பூரண குணம் என்று சொல்லிப் பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள்.

[காட்சி: அம்மாவின் கையில் ஒட்டுப்பட்டை.]

வலிப்பு வந்திருந்தாலோ, உடலுக்குள் பேஸ்மேக்கர் போன்ற கருவி இருந்தாலோ, ஒட்டும் இடத்தில் புண் இருந்தாலோ டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தொடங்குமுன் உங்கள் கையில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், குழந்தையும் பார்க்கட்டும். அப்புறம் அவள் காலில், லேசான கூச்சம் மட்டும் தெரியும் அளவில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டலாம். பேச முடியாத குழந்தை என்றால் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். முகம் சுளித்தால் உடனே குறைக்கச் சொல்லுங்கள்.